கடைசி ஆறு வசதிகளை நீக்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சிறு கடைகளுக்கான பில்லிங் செயலி ஒன்றை நடத்தி வருகிறோம். மளிகைக் கடை, மருந்துக் கடை, ஜவுளிக் கடை என்று சுமார் 1,200 கடைகள் ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துகின்றன. செயலியில் எது எத்தனை முறை தட்டப்படுகிறது என்று எண்ணித் தரும் கூகுளின் கருவியான ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸைக் கடந்த மே மாதம் இணைத்தோம். அக்டோபர் வரை வந்த தரவைக் கொண்டு, எந்த வசதி எத்தனை முறை பயன்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்த்தோம். முகப்புத் திரை, பில் சேமித்தல், பில் திருத்துதல், பொருள் தேடுதல் ஆகியவை முதல் நான்கு இடங்களில் வந்தன. ஜிஎஸ்டி அறிக்கை எடுத்தல், இருப்புக் கணக்கெடுப்பு, பழைய ஆண்டுப் பில்களைத் தேடுதல், தமிழில் பில் அச்சிடுதல், பாக்கி நினைவூட்டல், குரல்வழித் தேடல் ஆகிய ஆறும் கடைசியில் நிற்கின்றன. நிரலாளர்கள் இருவர் மட்டுமே இருப்பதால் எல்லாவற்றையும் பராமரிக்க முடியவில்லை. “மென்பொருள் வசதிகளில் மூன்றில் இரண்டு பங்கை யாரும் தொடுவதில்லை என்று ஆய்வே சொல்கிறது, கடைசி ஆறையும் எடுத்துவிடலாம்” என்கிறார் என் பங்குதாரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசக் கையில் கணக்கும் இல்லை. கடைக்காரர்களுக்கு உண்மையில் வேண்டிய வசதி எது என்பதைத் தரவிலிருந்து எப்படிக் கண்டறிவது? இவ்வாறு தரவு சேகரிப்பதற்கு அவர்களிடம் அனுமதி பெற வேண்டுமா?

பதில்: இந்தப் பட்டியலை மட்டும் நம்பி எதையும் நீக்க வேண்டாம். பட்டியல் தவறானது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொத்தான் மொத்தம் எத்தனை முறை தட்டப்பட்டது என்ற கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. ஆனால் நீங்கள் எடுக்கப்போகும் முடிவுக்கு வேண்டிய கேள்வி வேறு: எதை எடுத்துவிட்டால் எத்தனை கடைகளில் வேலை நின்றுபோகும், அவற்றுள் எத்தனை கடைகள் அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்காமல் போகும் என்பதே அது. நீங்கள் கடைசி ஆறு என்று குறிப்பிட்டவற்றில் குறைந்தது நான்கு, அவற்றின் இயல்பினாலேயே எந்த எண்ணிக்கைப் பட்டியலிலும் மேலே வர முடியாதவை.

முதலில் உங்கள் பங்குதாரர் சொல்லும் ஆய்வைப் பார்த்துவிடலாம். மென்பொருள் திட்டங்களை ஆராயும் ஸ்டாண்டிஷ் குழுமத்தின் ஜிம் ஜான்சன் 2002இல் ஒரு மாநாட்டு உரையில் வெளியிட்ட கணக்கு அது. வசதிகளில் 45 சதவீதம் ஒருபோதும் பயன்படுவதில்லை, 19 சதவீதம் அரிதாகப் பயன்படுகின்றன என்றார் அவர்; இரண்டையும் கூட்டினால் 64 வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த 64 மேடைக்கு மேடை பயணம் செய்து வருகிறது. அதன் பின்னால் இருந்தவை நான்கே நான்கு மென்பொருள்கள் என்பதும், அந்த நான்கும் நிறுவனங்கள் தம் உள்வேலைக்கென்று செய்துகொண்டவை என்பதும் அதனுடன் சேர்ந்து பயணம் செய்யவில்லை. கடைக்காரர் சொந்தக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் செயலிக்கு அந்த எண்ணை எடுத்து ஒட்டுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

இனி உங்கள் தரவுக்கு வருவோம். முதல் சிக்கல், எண்ணும் அலகு. மூன்று கவுன்ட்டர் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் நாளொன்றுக்கு 500 பில் போடுகிறது என்றும், தெருமுனைக் கடை ஒன்று 25 பில் போடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத் தட்டல்களை எண்ணும்போது அந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குரல் இருபது தெருமுனைக் கடைகளின் குரலுக்குச் சமமாகிவிடுகிறது. ஆனால் சந்தா கட்டுவதில் அது ஒரு கடைதான். வேண்டுமானால் இரண்டு மடங்கு கட்டலாம், இருபது மடங்கு கட்டாது. ஆகவே தட்டல்களை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கடைகளை எண்ணுங்கள். இந்த வசதியை இந்தக் காலத்தில் ஒருமுறையாவது பயன்படுத்திய கடைகள் எத்தனை என்று ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கணக்கு எடுத்தாலே உங்கள் வரிசை வெகுவாக மாறிவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

கடைகளை எண்ணும்போதும் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஜிஎஸ்டி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 1,200 கடைகளிலும் அந்த அறிக்கை தேவைப்படும் கடைகள் எத்தனை? ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்குக் குறைவாக இருக்கும் பல சரக்குக் கடைகள் ஜிஎஸ்டி பதிவே எடுத்திருக்க மாட்டா. பதிவு எடுத்தவற்றிலும், சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்வதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை சிஎம்பி-08 படிவம், ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 படிவம் என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். இவர்களையெல்லாம் வகுக்கும் எண்ணில் சேர்த்துவிட்டு, “இத்தனை சதவீதம் பேர்தான் பயன்படுத்துகிறார்கள்” என்று முடிவுக்கு வருவது, தேவையே இல்லாதவர் வாங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதாகும். கடையைப் பதிவு செய்யும்போது ஜிஎஸ்டி வகை என்னவென்று உங்கள் செயலி கேட்டிருக்கும். பில் வடிவமே அதைப் பொறுத்து மாறுகிறது என்பதால் கேட்காமல் இருக்க முடியாது. அந்த விவரத்தைக் கொண்டு, வழக்கமான முறையில் தாக்கல் செய்யும் கடைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் எத்தனை கடைகள் அறிக்கை எடுத்தன என்று பாருங்கள்.

அடுத்தது காலம். மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடைக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். அறிக்கையை மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். நீங்கள் பார்த்த ஆறு மாதத்தில் அந்தக் கடை இந்த வசதியை ஆறு முறை தொட்டிருக்கும். அதே கடை நாளுக்கு 25 பில் போட்டால் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 4,500 பில். அதாவது, வசதியை ஒரு மாதம்கூடத் தவறாமல் பயன்படுத்தும் கடையிலும் அதன் எண்ணிக்கை பில் சேமிப்பில் 750இல் ஒரு பங்குதான். ஐந்து கோடி வரை விற்பனை உள்ளவர்கள் காலாண்டுத் தாக்கல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அவர்கள் கணக்கில் இது இன்னும் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு வசதிக்கும் அதற்கு இயல்பான சுற்று எது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பில் போடுவது நாள்தோறும், கொள்முதல் பதிவு வாரந்தோறும், ஜிஎஸ்டி அறிக்கை மாதம் அல்லது காலாண்டு, இருப்புக் கணக்கெடுப்பு ஆண்டுக்கொருமுறை. அந்தச் சுற்று வந்தபோதெல்லாம் கடை வசதியைத் தேடி வந்ததா என்பதே கேட்க வேண்டியது. ஆறில் ஆறு முறை வந்திருந்தால், எண்ணிக்கை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அந்த வசதி அந்தக் கடைக்கு உயிர்நாடி என்று பொருள்.

இருப்புக் கணக்கெடுப்பைப் பொறுத்தவரை உங்கள் தரவு எதையுமே சொல்லவில்லை. கடைகள் முழுச்சரக்கையும் எண்ணிப் பார்ப்பது பெரும்பாலும் மார்ச் 31ஐ ஒட்டி. நீங்கள் மே மாதத்தில் எண்ணத் தொடங்கி அக்டோபரில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பருவம் உங்கள் வலைக்குள் வரவே இல்லை.

தமிழில் பில் அச்சிடுதல் பட்டியலின் அடியில் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது ஓர் அமைப்பு, அதாவது ‘செட்டிங்’. கடைக்காரர் ஒருமுறை உள்ளே போய் மொழியை மாற்றி வைப்பார். அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பில்லும் தமிழில்தான் வரும். நீங்கள் எண்ணியது அந்த ஒருமுறைத் தட்டலை. எண்ண வேண்டியது, இன்றைய தேதியில் எத்தனை கடைகளில் அந்த அமைப்பு தமிழில் இருக்கிறது, அந்தக் கடைகளில் மாதம் எத்தனை பில் அச்சாகிறது என்பதை. இதற்கு அனலிட்டிக்ஸ்கூட வேண்டியதில்லை. உங்கள் சர்வரில் இருக்கும் கடை அமைப்புகளின் அட்டவணையே சொல்லிவிடும். விலை வட்டமாக்குதல், பிரிண்டர் அளவு, தானியங்கி காப்பு போன்ற எல்லா அமைப்புகளுக்கும் இது பொருந்தும். அமைப்புகளைத் தட்டல்களால் அளந்தால் எப்போதும் அவை தோற்றுப்போனதாகவே தெரியும்.

பழைய ஆண்டுப் பில்களைத் தேடுதல் வேறு வகை. வீட்டுப் பத்திரத்தை யாரும் நாள்தோறும் பீரோவிலிருந்து எடுத்துப் பார்ப்பதில்லை. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளையும் ஆவணங்களையும் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. அதிகாரி ஒருநாள் கேட்கும்போது உங்கள் செயலியில் பில் கிடைக்காவிட்டால், அந்தக் கடைக்காரர் மட்டுமல்ல, அவருடைய ஆடிட்டரிடம் கணக்கு எழுதும் மற்ற கடைக்காரர்களும் உங்களை விட்டுப் போவார்கள். இதை எந்தப் பயன்பாட்டுத் தரவும் உங்களுக்குக் காட்டாது. தரவைப் பார்க்கும் முன்பே, “இது எண்ணிக்கையால் முடிவு செய்யப்படும் வசதியா, கடமையால் முடிவு செய்யப்படும் வசதியா?” என்று ஒரு வரி எழுதிவிட்டால் வீண் விவாதம் மிச்சமாகும்.

பெரிய நிறுவனங்கள் இதே வேலையைச் செய்தபோது கண்டதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆஃபீஸ் 2003இல், பயனரின் ஒப்புதலோடு பயன்பாட்டுத் தரவைச் சேகரித்தது. அடுத்த பதிப்பின் இடைமுகத்தை வடிவமைத்த குழுவைச் சேர்ந்த ஜென்சன் ஹாரிஸ் 2006இல் அந்த முடிவுகள் சிலவற்றை வெளியிட்டார். வேர்டு 2003இல் மிக அதிகமாகப் பயன்பட்ட கட்டளை ‘பேஸ்ட்’. எல்லாக் கட்டளைகளிலும் 11 சதவீதத்துக்கு மேல், இரண்டாம் இடத்தில் இருந்த ‘சேவ்’ கட்டளையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்டு ஆகிய ஐந்தும் சேர்ந்து மொத்தப் பயன்பாட்டில் சுமார் 32 சதவீதம். முதல் பத்துக் கட்டளைகளுக்குக் கீழே வளைகோடு வெகுவாகத் தட்டையாகிவிடுகிறது. 100ஆவது இடத்துக்கும் 400ஆவது இடத்துக்கும் இடையிலான வேறுபாடு, முதலிடத்துக்கும் 11ஆவது இடத்துக்கும் இடையிலான வேறுபாட்டின் அளவே இருந்தது. மீதி 68 சதவீதப் பயன்பாடு நூற்றுக்கணக்கான கட்டளைகளில் சிதறிக் கிடந்தது என்பதால், அடியில் உள்ளதை வெட்டிவிட்டால் செயலி எளிமையாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அவர்கள் அந்தத் தரவைப் பெரும்பாலும் எது கண்முன் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கவே பயன்படுத்தினார்கள். ஆஃபீஸ் 2007இன் மேற்பட்டையில் இடது ஓரத்தில் பெரிதாக நிற்கும் பேஸ்ட் பொத்தான் அதன் விளைவு. உங்கள் பட்டியலும் முதலில் அந்த வேலைக்குத்தான் பொருத்தமானது: எதை முன்னால் வைப்பது என்று சொல்லும், எதைத் தூக்கி எறிவது என்று சொல்லாது.

அந்த முதல் ஐந்தில் ‘அன்டூ’வும் இருப்பதைக் கவனியுங்கள். செய்ததை அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளையை யாரும் ஆசைப்பட்டு அழுத்துவதில்லை. எழுத்து வேலையில் அது இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால் பில் போடும் செயலியில் ‘பில் திருத்துதல்’ மூன்றாம் இடத்தில் இருப்பது எனக்கு நெருடுகிறது. அதைப் பிரபலமான வசதி என்று கொண்டாடி முகப்பில் கொண்டுவந்து வைத்தால், நோயின் அறிகுறிக்கு மாலை போட்டதாகிவிடும். திருத்தப்பட்ட பில்களை மட்டும் தனியே எடுத்து, சேமித்ததற்கும் திருத்தியதற்கும் இடையில் எவ்வளவு நேரம், எந்தப் புலம் மாறியது என்ற இரண்டையும் பாருங்கள். சேமித்த ஒரு நிமிடத்துக்குள் எண்ணிக்கைப் புலம் மாறியிருந்தால், விசைப்பலகையோ பொருளின் அலகோ கடைக்காரரைத் தடுமாற வைக்கிறது. கிலோவில் கேட்பதைக் கடை கிராமில் தட்டிக்கொண்டிருக்கலாம். மாலையில் பணம் பெறும் முறை மாறியிருந்தால், ரொக்கம் என்று முதலில் விழுந்துவிட்டதைப் பிறகு யுபிஐ என்று மாற்றுகிறார்கள். அதற்குரிய கேள்வியைச் சேமிக்கும் முன்பே கேட்டுவிட்டால் பாதித் திருத்தங்கள் மறையக்கூடும். அப்போது உங்கள் பட்டியலில் மூன்றாம் இடத்து வசதி கீழே இறங்கும்; அந்த இறக்கம் உங்களுக்கு வெற்றி. பொருள் தேடுதலுக்கும் இதே ஐயத்தோடு ஒரு பார்வை பாருங்கள். ஒரே தேடலை அடுத்தடுத்து எழுத்து மாற்றித் தேடுகிறார்கள் என்றால் அங்கும் குறை இருக்கிறது. முகப்புத் திரை முதலிடத்தில் வந்ததற்குக் காரணம் செயலியைத் திறந்ததும் அது தானாக வருவதுதான். அதை வரிசையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கை குறைவதைத் தவறாகப் படித்ததற்கும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. விண்டோஸ் 8ஐ உருவாக்கியபோது, விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7க்கு வருகையில் ஸ்டார்ட் மெனுவின் பயன்பாடு 11 சதவீதம் குறைந்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் 2011இல் எழுதியது. விண்டோஸ் 7இல் நிரல்களைக் கீழ்ப்பட்டையிலேயே பதித்து வைத்துக்கொள்ளும் வசதி வந்ததால், அடிக்கடி திறப்பவற்றுக்கு மக்கள் மெனுவுக்குப் போகவில்லை. குறைந்தது உண்மைதான். ஆனால் கீழ்ப்பட்டையில் இல்லாததைத் தேடும்போது போவதற்கு அவர்களுக்கு அந்த மெனுவே இருந்தது. 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8இல் பழைய மெனுவும் அதன் பொத்தானும் இல்லாமல் போனபோது எழுந்த எதிர்ப்பு ஊரறிந்தது, 2013இல் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10இல் மெனுவும் திரும்பியது. அந்த முடிவுக்குத் தொடுதிரையை நோக்கிய வேறு காரணங்களும் இருந்தன என்பதால் எல்லாப் பழியையும் அந்த 11 சதவீதத்தின் தலையில் கட்ட மாட்டேன். இருந்தாலும், குறைவாகப் பயன்படுவதும் வேண்டாததும் ஒன்றல்ல என்பதற்கு உங்கள் பங்குதாரரிடம் காட்ட இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாக்கி நினைவூட்டலைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன்: அது மெனுவுக்குள் மெனுவாக எங்கோ உள்ளே இருக்கிறது. கடனுக்குச் சரக்குக் கொடுக்காத மளிகைக் கடை நம் ஊரில் அரிது. பாக்கியை நினைவூட்டும் வசதி யாருக்கும் வேண்டாம் என்பது நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. ஆகவே இந்த வசதிக்கு மூன்று எண்களைத் தனித்தனியே எடுங்கள். பாக்கிக் கணக்கு வைத்திருக்கும் கடைகளில் எத்தனை கடைகளின் கண்ணில் இந்தத் திரை ஒருமுறையாவது பட்டது? பட்டவற்றில் எத்தனை கடைகள் ஒருமுறையாவது நினைவூட்டல் அனுப்பின? அனுப்பியவற்றில் எத்தனை கடைகள் அடுத்த மாதமும் அனுப்பின? முதல் எண் சிறியதாக இருந்து மூன்றாவது பெரியதாக இருந்தால், கண்டுபிடித்தவர்கள் கைவிடவில்லை என்று பொருள். வசதியைத் திரையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான் வேலை. எல்லோரும் பார்த்து, பலர் முயன்று, யாரும் திரும்பி வரவில்லை என்றால் வசதியில்தான் கோளாறு. வாடிக்கையாளர் முகம் கோணும்படி செய்தியின் வாசகம் அமைந்திருக்கலாம். இவ்விரண்டு நிலைகளிலும் மொத்தத் தட்டல் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதுதான் உங்கள் பட்டியலின் பெரிய குறை.

தரவின் சுத்தம் பற்றிச் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபயர்பேஸில் பதிவாகும் ஒவ்வொரு செயலுக்கும் நீங்கள் வைக்கும் பெயரில், அதாவது ஈவென்ட் பெயரில், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும். இரு நிரலாளர்கள் இரு விதமாக எழுதியிருந்தால் ஒரே வசதி இரண்டாகப் பிரிந்து இரண்டும் கீழே போயிருக்கும். ஈவென்ட் பெயர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால், விவரங்களைப் பெயரில் திணிக்காமல், அதனுடன் இணைத்து அனுப்பும் அளவுருவாக (பாராமீட்டர்) அனுப்புங்கள். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் அதே போன் புதுப் பயனராகக் கணக்கில் வரும். ஒரு கடையில் மூன்று போன் இருந்தால் மூன்று பயனர்கள். கடைக்கென்று நீங்களே ஓர் அடையாள எண் கொடுத்து, அதைப் பயனர் அடையாளமாக அமைத்தால்தான் கடைகளை எண்ண முடியும். உங்கள் நால்வரின் சோதனை போன்களைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். புதிய வசதிகளின் எண்ணிக்கையில் கணிசமான பங்கு சில சமயம் அவற்றைச் செய்தவர்களுடையதாகவே இருக்கும். ஃபயர்பேஸ் தரவை ஏற்றுமதி செய்து அலசும் கூகுளின் பிக்குவெரியில் நேர முத்திரை சர்வதேச நேரத்தில் (யுடிசி) இருக்கிறது. அந்த நேரத்தின் நள்ளிரவு நமக்கு அதிகாலை 5.30. அப்படியே நாள் பிரித்தால், நான்கரை மணிக்குத் திறக்கும் பால் கடையின் காலை வியாபாரம் முந்தின நாள் கணக்கில் போய் விழும். இணையம் இல்லாத நேரத்தில் நடந்தவை பிறகுதான் வந்து சேரும் என்பதால் நேற்றைய எண்ணை இன்றே நம்ப வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு நல்ல உரைகல் உங்கள் கையிலேயே இருக்கிறது. அக்டோபரில் உங்கள் சர்வரில் பதிவான பில்களின் எண்ணிக்கையையும், அனலிட்டிக்ஸில் வந்த ‘பில் சேமிப்பு’ ஈவென்ட்களின் எண்ணிக்கையையும் அருகருகே வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் மற்ற எண்களையும் ஓரளவு நம்பலாம். பெரிய இடைவெளி இருந்தால், அது ஏன் என்று தெரியும்வரை வேறு எந்த வசதியைப் பற்றியும் முடிவெடுக்காதீர்கள். உண்மையில் பில், பாக்கி, கொள்முதல், இருப்பு ஆகிய நான்கையும் பற்றிய கேள்விகளுக்குச் சர்வரின் தரவுத்தளமே அனலிட்டிக்ஸைவிட நம்பகமான சாட்சி; பார்த்துவிட்டுப் போனவர்களை அறிய மட்டும் அனலிட்டிக்ஸ் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. யாராவது உங்களிடம், “பாக்கிக் கணக்கைப் பயன்படுத்தும் கடைகளே அதிகம் புதுப்பிக்கின்றன, ஆகவே எல்லோரையும் அதைப் பயன்படுத்த வைத்தால் எல்லோரும் புதுப்பிப்பார்கள்” என்று சொல்லலாம். செயலியை ஏற்கெனவே விரும்பி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் கடைகள் பாக்கிக் கணக்கையும் தொட்டிருக்கும். புதுப்பித்ததற்குக் காரணம் அந்த விருப்பமாகவும் இருக்கலாம். எது எதற்குக் காரணம் என்பதை இவ்வகைத் தரவு தானாகச் சொல்லாது.

அனுமதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெற வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன தரவு எந்த நோக்கத்துக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறும் முறையை அடிப்படையாகக் கொண்டது. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. எட்டாம் அட்டவணையில் தமிழ் இருக்கிறது; உங்கள் கடைக்காரர்களுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் ஒப்பந்த வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அதைவிட முக்கியம், வேண்டாததை அனுப்பாமல் இருப்பது. பாக்கி நினைவூட்டல் அனுப்பப்பட்டது என்பதை எண்ண, யாருக்கு அனுப்பப்பட்டது என்ற பெயரும் எண்ணும் தேவையில்லை. தனிநபரை அடையாளம் காட்டும் தகவலை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதியும்கூட. கடையின் அடையாள எண்ணாக ஜிஎஸ்டி எண்ணைப் பயன்படுத்தும் ஆசை வரலாம், வேண்டாம். அந்த 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் எண். தனி உரிமையாளர் கடையென்றால் அது அவருடைய சொந்தப் பான் எண்தான்.

ஆறில் மிஞ்சியிருப்பது குரல்வழித் தேடல். நீக்குவதற்கு உண்மையான வேட்பாளர் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது நாள்தோறும் நடக்கும் வேலைக்கான வசதி. தேடும் கட்டத்தின் அருகிலேயே ஒலிவாங்கிப் படம் இருக்கும் என்பதால் கண்ணில் படாமல் போனது என்றும் சொல்ல முடியாது. ஆறு மாதம் இதற்குப் போதுமான காலம். ஆனாலும் கடைகளை எண்ணிய பிறகு, இப்போதும் வாரந்தோறும் பயன்படுத்துபவர்கள் பத்துப் பதினைந்து கடைகள் என்று வந்தால், அந்தப் பத்துப் பதினைந்து பேருக்கும் போன் போடுங்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சதவீதம் கணக்கிடுவதைவிட ஒரு மணி நேரப் பேச்சு அதிகம் சொல்லும். தட்டச்சு செய்யச் சிரமப்படும் முதியவர் ஒருவர் கடையை இதை வைத்தே நடத்துகிறார் என்று தெரிய வந்தால், பராமரிப்புச் செலவை அதற்கு எதிராக வைத்து நீங்கள் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். நீக்குவதென்று முடிவானால் நிரலைத் தொடும் முன், புதிய பதிப்பு வெளியிடாமலே செயலியின் தோற்றத்தை மாற்ற உதவும் ஃபயர்பேஸின் ரிமோட் கான்ஃபிக் வழியாகக் கடைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் அந்தப் படத்தை ஒரு மாதம் மறைத்து வையுங்கள். புகார் அழைப்புகளையும், அந்தக் கடைகள் ஒரு பில் போட எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் மற்றக் கடைகளோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் மாற்றமில்லை என்றால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம்.

இருவராக இருக்கும் உங்கள் நிரலாளர்களின் சுமையைக் குறைக்க, இப்போதைக்குப் பில் திருத்தங்களின் காரணத்தைத் தேடுவதில் ஒருவரை இரண்டு வாரம் ஈடுபடுத்துங்கள். உதவி அழைப்புகள் குறைவது அதில்தான் விரைவாகத் தெரியும். ஜிஎஸ்டி அறிக்கை, பழைய பில் தேடல், தமிழ் அச்சு ஆகிய மூன்றையும் புதிதாக மெருகேற்ற வேண்டாம், வேலை செய்யும் நிலையில் வைத்திருந்தால் போதும். இருப்புக் கணக்கெடுப்பைப் பற்றிய விவாதத்தை, மார்ச் மாதத் தரவு கைக்கு வரும் ஏப்ரல் நடுப்பகுதிவரை தள்ளி வையுங்கள்.